முதல் கோணேசர், பிறகு கல்லறை

என் வாடகைக் காரில் ஏறியவர்களில் முக்கால்வாசிப் பேரை மறந்துபோனேன். எல்லாரையும் நினைவில் வைத்திருக்க நான் என்ன ஊர்க்கணக்கு வைக்கிற விதானையாரா? ஆனால் சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்த ஓவசியர் மாமியை மறக்க முடியவில்லை. என்னுடைய ஏ-ஃபோர்ட்டிக் காரின் பின்சீட்டை என்னைவிட அதிக தடவை கழுவியவர் அவர்தான்.

செத்தவீட்டுக்குப் போய்வந்தால், நான் எஞ்சினை நிற்பாட்டுவதற்குள் மாமி கிணற்றடிக்குப் போய்த் தலையில் நாலு வாளி ஊற்றிக்கொண்டு, ஈரச்சேலையோடு மஞ்சள் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

"தம்பி, கதவைத் திற."

"மாமி, சீற் ஊறிப்போம். நாளைக்குக் கலியாண ஹயர் ஒண்டு இருக்கு."

"அதுக்குத்தானே கழுவுறன். செத்தவீட்டுத் துடக்கோடை கலியாணப் பொம்பிளையை ஏத்துவியோ?"

மறுநாள் மணப்பெண் கூறைச்சேலையின் பின்பக்கம் நனைந்து இறங்கினாள். பெண்ணின் தாய் என்னைத் திட்டிய திட்டு இன்றைக்கும் காதில் நிற்கிறது. மாமியிடம் போய்ச் சொன்னேன். "ஈரம் காயும். துடக்குக் காயுமோ?" என்றார். இப்படித் தீட்டுப் பார்க்கிற மனுசியோடு என்ன பேச? ஆனால் தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு அவர் என் காரை ஒருநாளும் கழுவவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவருக்கு எதிலும் ஒரு வரிசை இருந்தது. எது முதல், எது பிறகு என்பதில்தான் புண்ணியமும் பாவமும். கோயிலுக்குப் போகிற வழியில் சந்தையில் நிற்கக் கூடாது. வருகிற வழியில் நிற்கலாம். பிள்ளைப்பெறு பார்த்துவிட்டு அதே காரில் கோயில் பக்கம் திரும்பவே கூடாது. வளவில் பங்கர் வெட்டி முடித்த அன்று தலைக்கு மேலே ஹெலி சுற்றிக்கொண்டிருக்கிறது, அயலெல்லாம் ஓட்டமும் நடையுமாக வந்து நிற்கிறது, மாமி தேங்காய் உடைக்காமல் ஒருவரையும் இறங்க விடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமி, ஷெல் விழுந்தால் எந்தக் காலை முதல் வைச்சு ஓடுறது?"

"வலக்காலை. விசர்க்கதை கதையாமல் இறங்கு."

அவருடைய புருஷன் றோட்டு வேலைப் பகுதியில் ஓவசியராக இருந்து பென்ஷன் எடுத்தவர். வடக்கில் தன் கைபடாத மதவு இல்லை என்பார். மனுசனுக்கு ஒரே ஒரு பைத்தியம், கோட்டை. பறங்கி கட்டியது எது, ஒல்லாந்தன் இடித்துக் கட்டியது எது, வெள்ளைக்காரன் பீரங்கி வைத்தது எங்கே என்று தொடங்கினால் பொழுதுபட்டுவிடும். ஒரு கார் பிடித்து அத்தனை கோட்டையையும் பட்டாளத்துக் கல்லறையையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருஷமே அந்தத் திட்டம் என் காதில் விழுந்தது. கொழும்புப் பக்கம் ஒருவரும் தலைவைத்தும் படுக்காத காலம். அதனால் கொழும்பு அவர் திட்டத்தில் இல்லை.

விறாந்தை மேசையில் பாத்திரங்களை வைத்துத்தான் அவர் வழி சொல்லுவார்.

"இந்தக் கோப்பை யாழ்ப்பாணக் கோட்டை. சீனிப் போத்தல் பூநகரி. இந்தப் பேணி ஆனையிறவு. அதாலை விட்டால் வவுனியா, ஹொரவப்பொத்தானை, திருகோணமலைக் கோட்டை. கடைசியிலை நிலாவெளி றோட்டிலை பட்டாளத்துக் கல்லறை. விளங்குதோ தம்பி?"

குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் வரும். "கடைசி கல்லறையில்லை."

"பின்னை என்ன?"

"முதல் கோணேசர், பிறகு கல்லறை, கடைசி கன்னியா. கல்லறைக்குப் போட்டு முழுகாமல் வீட்டை வாற எண்ணமோ?"

கன்னியா திருகோணமலைக்கு இந்தப் பக்கத்தில் இருக்கிறது. ஏழு வெந்நீர்க் கிணறுகள். செத்தவர்களுக்குக் கடன் கழிக்கச் சனம் போகிற இடம். யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவனுக்கு முதல் வருவது கன்னியாதான். ஆனால் போகும்போது அதில் இறங்கக் கூடாது, திரும்பும்போதுதான் இறங்க வேண்டும். கிணறு வழியில் இருக்கிறதே என்று முழுகிவிட்டுப் பிறகு கல்லறைக்குப் போகிறவன் மடையன் என்பது மாமியின் கட்சி. கார் ஓட்டுகிறவன் என்ற முறையில் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஊருக்கு இந்தத் திட்டம் நல்ல பொழுதுபோக்கு. வெறும்வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? "ஓவசியர் கோட்டையைப் பார்க்கப் போறாராம். கோட்டை விடிஞ்சால் பொழுதுபட்டால் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்குது, அது மனுசனுக்குத் தெரியாதாக்கும்" என்று சந்திக் கடைக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சொன்னதில் பொய்யில்லை. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஆமி இருந்தது. அங்கிருந்து ஷெல் வந்தது. ஆனையிறவும் முகாம். பார்க்க நினைத்த கோட்டையெல்லாம் திரும்பவும் கோட்டையாகிவிட்டன. ஓவசியர் மேசையில் வைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். திருகோணமலை மட்டும் மிஞ்சியது. அதற்குக் காரணம் அவருடைய பைத்தியம் அல்ல, மாமி.

மாமியின் அண்ணன் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தாய்க்குச் சொல்லாமல் வெள்ளைக்காரனுடைய பட்டாளத்தில் சேர்ந்தவர். ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது செத்துப்போனார். வந்தது செய்தி மட்டும்தான், உடல் வரவில்லை. அங்கே துறைமுகத்தில் வேலைசெய்த ஊராள் ஒருவர் லீவில் வந்தபோது, "பட்டாளத்து ஆக்கள் எல்லாரையும் வெள்ளைக்காரரோடை வரிசையாய் மண்ணுக்கைதான் வைக்கிறவங்கள், கண்ணாலை கண்டனான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு பேச்சுத்தான். எங்கள் ஆட்களில் புதைக்கிறது பல் முளைக்காத பிள்ளையை மட்டும். வளர்ந்த ஆண்பிள்ளைக்குக் கொள்ளி வைக்க வேண்டும், சாம்பல் எடுக்க வேண்டும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அதைக் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும். இவருக்கு ஒன்றும் நடக்கவில்லை.

"என்ரை பிள்ளையைப் பச்சைப் பாலகன் மாதிரித் தாட்டுப்போட்டாங்கள் எண்டு சொல்லிச் சொல்லியே அம்மா செத்தவ" என்று மாமி ஒருநாள் காரில் வைத்துச் சொன்னார். "மாரி துவங்கினால் அவவுக்கு நித்திரை இல்லை, தம்பி. மழை பெய்யப் பெய்ய எழும்பி இருப்பா. பிள்ளைக்கு மண் ஊறுதாம். நாங்கள் பாயிலை கிடக்கிறமாம், அவன் தண்ணிக்கை கிடக்கிறானாம்."

அழாமல்தான் சொன்னார்.

அதனால் அந்தக் குழியில் ஒரு இளநீராவது ஊற்றி, திருநீறு தூவி, ஒருபிடி மண் எடுத்துவந்து, அதைச் சாம்பலாகப் பாவித்து அந்தியேட்டி செய்துவிட வேண்டும். மாமிக்கு வேண்டியது இவ்வளவுதான். தாய் உயிரோடு இருந்தபோது செய்ய முடியாததைத் தான் கண் மூடுமுன் செய்ய வேண்டும்.

ஆனால் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பிரேதம் படலை தாண்டினால் பெண்களின் அழுகை படலையோடு நின்றுவிட வேண்டும். இதில் ஓவசியருக்கும் மாமிக்கும் வருஷக்கணக்கில் வழக்கு.

"உது சுடலையில்லையப்பா, நினைவிடம். வெள்ளைக்காரன் புல்லு வெட்டிப் பூக்கண்டு வைச்சுத் தோட்டம் மாதிரி வைச்சிருக்கிறான். நீரும் உள்ளை வாரும்."

"பூக்கண்டு வைச்சால் சுடலை தோட்டமாகுமோ? நீங்கள் உள்ளை போங்கோ. நான் கேற்றுக்கு வெளியாலை நிப்பன்."

"நூறு மைல் தாண்டி வந்து கேற்றிலை நிக்கிறதுக்கு வீட்டு கேற்றிலையே நிக்கலாம்."

"இஞ்சாருங்கோ, வாயை மூடுங்கோ."

இளநீருக்கும் ஒரு வழக்கு நடந்தது. முதலில் பால்தான் என்று இருந்தது. பால் வழியில் புளித்துவிடும். திருகோணமலையில் வாங்கலாம் என்றால் யார் வீட்டுப் பாலோ என்று மாமிக்கு மனமில்லை. கடைசியில் சொந்த வளவுச் செவ்விளநீர் என்று முடிவானது. இது முடிவாகவே ஒரு வருஷம் போனது. ரேடியோவில் பேச்சுவார்த்தை என்று சொன்னால் போதும், எனக்கு ஆள் வரும். "தம்பி, ரயர் நல்லதோ? பற்றறி பழுதில்லையோ?" பேச்சுவார்த்தை முறியும். இளநீர் மரத்திலேயே முற்றித் தேங்காயாகும்.

அமைதி காக்க வந்த அந்நிய ஆமியோடு எண்பத்தேழு ஐப்பசியில் நடந்த சண்டையில் ஊரே கோயிலுக்குள் அடைந்து கிடந்தது. வசந்த மண்டபம், வாகனசாலை, மடப்பள்ளி எங்கும் சனம். அங்கே ஒரு பெண்ணுக்கு நோவு கண்டுவிட்டது. வெளியே அசைய முடியாது, சூடு நடக்கிறது. எல்லாரும் மாமியைத்தான் பார்த்தார்கள். கோயிலுக்குள் பிள்ளைப்பெறு என்றால் இந்த மனுசி சந்நதம் ஆடப்போகிறது என்று நானும் ஒதுங்கி நின்றேன். மாமி நேரே போய் ஐயரிடம் சொன்னார்:

"ஐயா, மூலஸ்தானக் கதவைச் சாத்துங்கோ. பிள்ளை பிறக்குமட்டும் சாமி கொஞ்சம் அங்காலை பார்க்கட்டும்."

பிறகு தன் சேலையை அவிழ்த்து மறைப்புக் கட்டி, உள்பாவாடையும் துவாயுமாக நின்று தானே பிள்ளையை ஏந்தினார். சண்டை ஓய்ந்ததும் ஐயரைப் பிடித்து, சுத்தி செய்யாமல் பூசை தொடங்கக் கூடாது என்று நின்று செய்வித்தார். ஊரில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை, இவருக்குச் சுத்தி. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பிள்ளை நல்ல சுகமாக வளர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு பங்குனியில் அந்நிய ஆமி கப்பலேறிப் போனது. கொஞ்சக் காலம் பாதை திறந்திருந்தது. சித்திரை வருஷப் பிறப்பு முடிந்த கையோடு வெளிக்கிட்டோம். ஓவசியர் முன்சீட்டில். பின்சீட்டில் மாமியும், சாக்கில் சுற்றிய இரண்டு செவ்விளநீரும். வவுனியா தாண்டிப் போகையில் ஓவசியர் மதவுகளுக்குப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். கன்னியாத் திருப்பத்தில் வெயிலுக்கு ஒரு முழுக்குப் போட்டால் என்ன என்று கேட்டுப் பார்த்தார். பின்சீட்டிலிருந்து ஒரு செருமல் வந்தது. நான் காரை நிறுத்தவில்லை.

கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதை கோட்டைக்குள்ளால்தான். ஓவசியருக்கு அது போதுமாக இருந்தது. வாசல் கல்லை அவர் தடவித் தடவிப் பார்க்க, சென்றியில் நின்ற ஆமிக்காரன் துவக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "ஒல்லாந்தன் கட்டினது" என்று ஓவசியர் சிங்களத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினார். மாமி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஏறினார். அருச்சனை முடிந்தது. இனிக் கல்லறை.

ஓவசியர் சொன்னது பொய்யில்லை. தோட்டம் போலத்தான் இருந்தது. பச்சைப் புல், ஒரே அளவில் வெள்ளைக் கற்கள், மரநிழல். ஓவசியர் ஒரு இளநீரையும் திருநீற்றுச் சரையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாமி கேற்றுக்கு வெளியே காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். புல் வெட்டுகிற மனுசன் ஒருவன் எங்களைக் கண்டு வந்தான்.

"ஆரைப் பார்க்க வந்தனீங்கள் அம்மா?"

மாமி அண்ணனின் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரும் சொன்னார்.

"சைவப் பேராய் இருக்கு. அப்பிடி ஆக்கள் இஞ்சை இல்லையே."

"இல்லையெண்டால்? பட்டாளத்திலை செத்தவர்."

"செத்திருப்பார். சைவ ஆக்களை அப்பவே எரிச்சுப்போட்டாங்கள் அம்மா. செத்தவன்ரை சமயம் என்னவோ அந்த முறைதான் வெள்ளைக்காரன் செய்தது. இஞ்சை கிடக்கிறது வேதக்காரரும் கொஞ்சம் சோனக ஆக்களும். எரிச்ச ஆக்களின்ரை பேர் கொழும்பிலை ஒரு கல்லிலை வெட்டியிருக்காம்."

"எரிச்சவங்களோ?"

"ஓம்."

"வடிவாய்த் தெரியுமோ தம்பி? சும்மா என்ரை மனத்துக்காகச் சொல்லாதை."

"இந்தப் புல்லோடை கிடந்துதான் அம்மா எனக்குத் தலை நரைச்சது. ஒவ்வொரு கல்லையும் தெரியும். உங்கடை ஆள் இந்த மண்ணுக்கை இல்லை."

மாமி கேற்றுக்கு ஊடாக அந்த வெள்ளைக் கற்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"கொள்ளி ஆர் வைச்சது?"

அந்த மனுசன் என்னைப் பார்த்தான்.

"அதை ஆர் கண்டது? கூட வேலைசெய்த ஆரும் வைச்சிருப்பினம்."

"ஆர் பெத்த பிள்ளையோ" என்றார் மாமி. "அவன் நல்லாய் இருக்க வேணும். அவன்ரை பிள்ளை குட்டியெல்லாம் நல்லாய் இருக்க வேணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. சாக்கைப் பிரித்து மற்ற இளநீரை எடுத்து, என்னிடம் கத்தி வாங்கிச் சீவி, அந்த மனுசனின் கையில் கொடுத்தார். "குடி ராசா, வெயிலுக்கை நிக்கிறாய்." அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

ஓவசியர் நெடுநேரத்துக்குப் பிறகு வேர்த்து ஒழுக வந்தார். கொண்டுபோன இளநீர் அப்படியே கையில் இருந்தது.

"ஒரு கல்லும் விடேல்லை. எங்கையும் இல்லையப்பா."

"இருக்காது. அண்ணையை எரிச்சவங்களாம். பேர் கொழும்பிலையாம்."

ஓவசியர் மதில் கட்டில் இருந்துவிட்டார். கொழும்பு என்ற சொல்லை அதற்குமேல் ஒருவரும் தொடவில்லை. "அப்ப மண்ணும் தேவையில்லை. கீரிமலையிலை பேரைச் சொல்லி அந்தியேட்டியைச் செய்துபோடலாம்" என்றார். மாமி ஓம் என்று தலையாட்டினார். வந்த கிழமையே செய்தார்கள். நல்ல காலம்; ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது, பிறகு கீரிமலைப் பக்கம் ஒருவரும் தலைகாட்ட முடியவில்லை.

திரும்பும்போது கன்னியாவில் காரை நிறுத்தினேன். ஓவசியர் துவாயை எடுத்துக்கொண்டு இறங்கினார். மாமி இறங்கவில்லை.

"முழுகேல்லையோ?" என்று ஓவசியர் கேட்டார்.

"எனக்கென்ன துடக்கு? நான் உள்ளை போகேல்லை. உள்ளையும் எங்கடை ஆள் இல்லை."

கணக்குச் சரிதான். மனுசிக்கு மனப்பாரம் இறங்கிவிட்டது, இனி என் காருக்கும் விடுதலை என்று நினைத்துக்கொண்டு ஸ்ரியறிங்கில் கை வைத்தபடி இருந்தேன். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது.

"தம்பி."

"சொல்லுங்கோ மாமி."

"அம்மாவும் நானும் ஒருக்காக் கோணேசருக்கு வந்தனாங்கள். றெயினிலை. எனக்கு அப்பத்தான் கலியாணம் முடிஞ்ச புதுசு. கும்பிட்டுப்போட்டு வெளியாலை வரேக்கை அம்மா என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டவ. 'பிள்ளை, அவன் கிடக்கிற இடம் கிட்டத்தானாம். கேற்றடியிலையெண்டாலும் நிண்டு ஒருக்கா எட்டிப் பார்த்திட்டுப் போவமே' எண்டு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் பேசிப்போட்டன், தம்பி. கோயிலுக்கு வந்த இடத்திலை சுடலைக் கதை கதைக்கிறியளோ, உங்களுக்கு அறிவில்லையோ எண்டு சனத்துக்கு முன்னாலை பேசிப்போட்டன். அவ பிறகு வாய் திறக்கேல்லை. றெயினிலையும் கதைக்கேல்லை."

"உங்களுக்குத் தெரியாதுதானே மாமி."

"தெரியாதுதான். கேற்றடிக்குப் போயிருந்தால் இப்பிடி ஆரோ ஒருத்தன் வந்து சொல்லியிருப்பான். 'எரிச்சாச்சு அம்மா' எண்டு ஒரு சொல்லு. அதுக்குப் பிறகு அவ எத்தினை மாரி இருந்தவ எண்டு உனக்குத் தெரியுமோ? அத்தினை மாரியும் முழிச்சிருந்தவ. நான் பக்கத்திலை படுத்து நித்திரை கொண்டனான்."